நானோவயர் நேரா நிக்க மாட்டேங்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் அண்ணே, அக்கா, நான் சுங்கை சிப்புட், மாஸ்டர்ஸ் பண்றேன், 2006ல விஞ்ஞானி சோங் லின் வாங் காட்டுன நானோஜெனரேட்டர் மாதிரி, சிங்க் ஆக்சைடு நானோவயர (முடிய விட ரொம்ப மெல்லிசான கம்பி) வளைச்சா கரண்ட் வர்ற ஒரு டிவைஸ்தான் ப்ராஜெக்ட். கண்ணாடியில சிங்க் அசிடேட் விதை (கம்பி முளைக்கிறதுக்கான அடிப்பூச்சு) பூசி, சிங்க் நைட்ரேட்டும் எச்எம்டிஏங்கிற கெமிக்கலும் சம அளவு 25 மில்லிமோலார் கலந்து, 90 டிகிரி சூட்டுல கண்ணாடிய கவுத்துப் போட்டு வளக்குறேன். வளருது லா, ஆனா எஸ்இஎம்ல (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) பாத்தா புயலடிச்ச செம்பனைத் தோட்டம் மாதிரி கண்டபடி சாஞ்சு கெடக்கு. விதைய 350 டிகிரில சுட்டாதான் படிகம் நிமிந்து உக்காரும், லேப் ஃபர்னஸ் ரிப்பேர், எப்ப வரும்னு கேட்டா சிரிக்கிறாங்க. கோலகங்சார் பக்கம் லாபு சாயோங் மண்கூஜா சுடுறவங்க யாரையாச்சும் தெரியுமா, அந்தச் சூளையில சூடு ஒரே சீரா நிக்குமா? பிஇஐங்கிற பாலிமர் சேத்தா கம்பி ஒல்லியா நீளமா வரும் சரி, நிமிருமா? செஞ்சு பாத்தவங்க பிஎம் பண்ணாலும் ஓகே.