நடு அச்சு சொன்ன கதை: பெயர் தெரியாத பாட்டுப் பெட்டிகளோடு நான்கு ஊர்ச் சேகரிப்பாளர்களான எங்கள் அனுபவங்கள்

சிகாகோ அருகிலிருந்து

பழைய போனோகிராப் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் எடிசன், விக்டர், கொலம்பியா என்ற மூன்று தயாரிப்பாளர்களின் பெயர்களோடு நின்றுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில், முதியவர் ஒருவர் மறைந்தபின் அவர் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். தையல் இயந்திரத்துக்கும் பால் கேன்களுக்கும் நடுவில் ஓக் மரப் பெட்டி ஒன்றும், இதழ் விரிந்த பூப்போன்ற, ஒலியைப் பெருக்கும் நீல நிற ஹாரன் ஒன்றும் கிடந்தன. பெட்டியில் 'ஸ்டாண்டர்டு' என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரை அதற்கு முன் கேட்டதில்லை என்பதால் அதிகம் பேரம் பேசாமல் வாங்கிவந்தேன்.

வீட்டில் சாவி கொடுத்ததும் தட்டுமேடை ஒழுங்காகச் சுழன்றது. ஆனால் என்னிடமிருந்த எந்த இசைத்தட்டும் அதில் உட்காரவில்லை. தட்டின் நடுத்துளையில் நுழையும் வழக்கமான அச்சு ஏறத்தாழ 7 மி.மீ. தடிமன் இருக்கும், இதிலோ சுண்டுவிரல் பருமனில் ஓர் இரும்புத் தண்டு நின்றது. யாரோ உடைந்த அச்சுக்குப் பதிலாகக் குழாய்த் துண்டைச் செருகிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைந்துவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன். நல்லவேளையாக அந்த வாரம் பட்டறைக்காரர் ஊரில் இல்லை.

அந்தத் தடித்த அச்சுதான் அந்தப் பெட்டியின் முழு வரலாறு என்பது பிறகுதான் புரிந்தது. 1900 முதல் 1910 வரையிலான பத்தாண்டின் பிற்பாதியில் சிகாகோவில் சில நிறுவனங்கள் கொலம்பியாவிடமிருந்து இயந்திரங்களை மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி, மளிகைக்கடைகள், துணிக்கடைகள் வழியாக விநியோகித்தன. குறிப்பிட்ட தொகைக்குச் சாமான் வாங்கிய வாடிக்கையாளருக்கு இயந்திரம் இனாமாகவோ, பெயருக்கு ஒரு விலையிலோ கிடைக்கும். ஆனால் அதில் ஓடும் தட்டுகளைக் குறிப்பிட்ட நிறுவனத்திடம் மட்டுமே வாங்க முடியும், ஏனென்றால் துளையின் அளவு ஒவ்வொருவருக்கும் வேறு. ஸ்டாண்டர்டுக்கு 9/16 அங்குலம், ஹார்மனிக்கு 3/4, யுனைடெட்டுக்கு ஒன்றரை. 1907-ல் தொடங்கிய அரெட்டினோவோ துணிந்து 3 அங்குலத்துக்கே போய்விட்டது. அதன் தட்டில் லேபிளுக்கு மிஞ்சிய இடம் ஒரு மெல்லிய வளையம்தான். யானையை இனாமாகக் கொடுத்துவிட்டு, தீனியைத் தன் கடையில் மட்டுமே வாங்கவைத்த வியாபாரம் இது.

ஓராண்டு தேடியபின், பழைய தட்டுகள் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டியில் 'துளை சேதம்' என்று விலை குறைத்து வைத்திருந்த இரண்டு தட்டுகள் கிடைத்தன. இரண்டுமே 9/16. ஒன்றில் ஸ்டாண்டர்டு லேபிளின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தபோது, அதன் அடியில் கொலம்பியாவின் கறுப்பு லேபிளும் வெள்ளி எழுத்துகளும் தெரிந்தன. விற்காமல் தேங்கிய தட்டுகளில் துளையைப் பெரிதாக்கி, மேலே வேறு தாளை ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஓரத்தை நான் இன்றுவரை பிரிக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

நியூ ஜெர்சியிலிருந்து

உங்களுக்காவது பட்டறைக்காரர் ஊரில் இல்லை. என்னைத் தடுக்க அன்று யாரும் இல்லை. அரெட்டினோவை நடத்திய அதே ஆர்தர் ஓ'நீல், அதற்கு முன்பே 'பிஸி பீ' என்ற பெயரில் உருளை போனோகிராப்களை, அதாவது தட்டுக்குப் பதிலாக உருளையில் பதிந்த பாட்டை ஒலிக்கும் பெட்டிகளை, விற்றவர். அதிலும் இதே சூழ்ச்சிதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது: உருளையைச் செருகும் கூம்புத்தண்டு மற்றவர்களுடையதைவிடச் சற்றே பருமனாக இருக்கும். இது தெரியாமல், குளிர்காலத்தில் ஒருநாள் எடிசனின் மெழுகு உருளை ஒன்றை அதில் மாட்டப் பார்த்தேன். முக்கால்வாசி போய் நின்றது. தூசியாக இருக்கும் என்று எண்ணி உள்ளங்கையால் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். முறுக்கு உடைவதுபோல் ஒரு சிறு சத்தம், அவ்வளவுதான். நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கிய ஒரு குரலை நான் இரண்டு நொடியில் முடித்துவைத்தேன். இப்போதெல்லாம் புதிய இயந்திரம் எது வந்தாலும் முதலில் காலிப்பர் என்ற தடிமன் அளவி வைத்து அளக்கிறேன்; உருளையைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

கோல்ன் நகரிலிருந்து

ஜெர்மனியில் நிலைமை வேறு. இங்கே 'புக்' என்ற பெயரில் எண்ணற்ற சிறு போனோகிராப்கள் கிடைக்கும், ஆனால் அது ஒரு நிறுவனத்தின் பெயர் அன்று. பல தயாரிப்பாளர்கள் செய்த ஒரு வகையின் பெயர். யாழ் வடிவ வார்ப்பிரும்புப் பீடம், ஒரு சிறிய கடிகார எந்திரம், ஒரு ஹாரன், இவ்வளவுதான் மொத்தமும். ஊசிமுனையை நகர்த்தும் திருகுதண்டு இதில் கிடையாது. ஹாரனும், ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் ஒலிப்பெட்டியும் மிதந்தபடி நிற்க, உருளையின் வரிப்பள்ளமே இரண்டையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஓடும்போது ஹாரனின் வாய் அங்குலம் அங்குலமாக ஒருபக்கம் நகர்வதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுமை முழுவதும் மெழுகின்மேல் விழுகிறது என்பதால் நல்ல உருளை எதையும் நான் அதில் வைப்பதில்லை.

இவ்வூர்ச் சாக்லேட் நிறுவனமான ஸ்டோல்வெர்க் 1903-ல் வெளியிட்ட தகரப் பொம்மை போனோகிராபைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். உள்ளங்கையளவுச் சாக்லேட் தட்டே அதில் பாடும். தட்டுகள் ஏன் அரிதாகிவிட்டன என்பதை விளக்க வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து

இங்கே அறியப்படாத தயாரிப்பாளர்கள் என்றால் பெரும்பாலும் நம் காலத்தவர்கள்தான். மும்பையில் ஒரு பழம்பொருள் கடையில், எண்கோணப் பெட்டியும் பளபளக்கும் பித்தளை ஹாரனும் நாய் முத்திரையுமாக இருந்த ஒன்றை, 1905-ஆம் ஆண்டுச் சரக்கு என்ற சொல்லை நம்பி வாங்கினேன். வீட்டில் திருப்பிப் பார்த்தால், அடிப்பலகையைப் பிடித்திருந்த நான்கு திருகுகளின் தலையிலும் கூட்டல் குறி வெட்டியிருந்தது. அப்படிப்பட்ட திருகுகள் 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தன. ஹாரனின் இணைப்புத் தையலும் எவர்சில்வர் குடத்தைப் பற்றவைத்ததுபோல் மொத்தையாக இருந்தது. இப்படிச் சேர்த்துக்கட்டிய பெட்டிகள் இந்தியாவிலிருந்து உலகமெங்கும் போயிருக்கின்றன. அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு ஒரு கேலிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஆத்திரத்தோடு பெட்டியைப் பிரித்தபோது, உள்ளே இருந்த மோட்டார் மட்டும் பொய் சொல்லவில்லை. அது சுவிட்சர்லாந்தின் பையார் நிறுவனம் செய்தது. ஏதோ ஒரு கைப்பெட்டி கிராமபோனிலிருந்து கழற்றியது. என் பெரியப்பாவின் கைப்பெட்டியில் சுருள்வில் அறுந்து இருபது ஆண்டுகளாகின்றன. மோட்டாரைப் பொருத்தும் துளைகளின் இடைவெளி கால் அங்குலம்தான் வித்தியாசம். இந்த ஞாயிற்றுக்கிழமை பொருத்திப் பார்க்கப்போகிறேன்.