நாலு மாதத்தில் டிவி போனால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

டர்பன்_தூறல்:
தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கடையில் வாங்கிய டிவி. நாலாவது மாதத்தில் படம் போய்விட்டது, சத்தம் மட்டும் வருகிறது. பில்லோடு போனேன். "ஏழு நாளுக்குள் வந்திருந்தால் மாற்றித் தந்திருப்போம். இனிமேல் கம்பெனிக்கு அனுப்பி ரிப்பேர்தான்" என்கிறார்கள். பில்லின் அடியிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. எனக்கு ரிப்பேர் வேண்டாம், பணம் வேண்டும். கேட்க முடியுமா?

லெனேசியா_அக்கா:
தாராளமாகக் கேட்கலாம் தம்பி. தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008, எண் 68), 56ஆம் பிரிவு. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் பழுதானால் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர், கடைக்காரர் இல்லை. திருப்பி அனுப்பும் செலவும் கடை தலையில்தான். பில்லில் ஏழு நாள் என்று அச்சடித்துவிட்டால் சட்டம் தந்த உரிமை போய்விடாது.

பீனிக்ஸ்_கடைக்காரர்:
அக்கா, பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டீர்கள். பொருளில் குறை இருந்தால்தான் அந்த உரிமை. லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) முடிந்து கரண்ட் திரும்பி வரும்போது எகிறிய வோல்டேஜில் போர்டு எரிந்தால், அது என் குறையா, தயாரித்தவன் குறையா? 2023இல் அப்படி எரிந்த டிவிகளை வரிசையாகக் கொண்டுவந்து "சட்டம், சட்டம்" என்றார்கள். ரக்பி இறுதிப் போட்டிக்குப் பெரிய டிவி வாங்கி, முடிந்ததும் "படம் சரியில்லை" என்று வந்தவர்களும் உண்டு.

லெனேசியா_அக்கா:
ரக்பிக்காரர்களை நானும் ஆதரிக்கவில்லை. மனம் மாறியதற்காகத் திருப்பித் தரும் உரிமை கடையில் வாங்கிய பொருளுக்குக் கிடையாது. ஆனால் தம்பி கதை அது இல்லையே.

வோல்ட்மீட்டர்:
டிவி ரிப்பேர் செய்கிறவன் என்ற முறையில் ஒன்று. வோல்டேஜ் எகிறி அடித்தால் பெரும்பாலும் பவர் போர்டுதான் போகும். பியூஸ் கருகும், பக்கத்தில் உள்ள வேரிஸ்டர் (எகிறும் வோல்டேஜைத் தாங்கிக்கொள்ளும் பாகம்) வெடித்துக் கரி பிடிக்கும், டிவி ஆன் ஆகவே ஆகாது. சத்தம் வந்து படம் இருட்டாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்கு. தம்பி, அறையை இருட்டாக்கி, டிவி ஓடும்போதே டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக உருவங்கள் அசைந்தால், படத்தை உருவாக்கும் பேனல் உயிரோடு இருக்கிறது, பின்னால் உள்ள எல்இடி வரிசைதான் போயிருக்கிறது. தொடராக இணைத்த வரிசையில் ஒரு விளக்கு அறுந்தாலும் மொத்தமும் அணைந்துவிடும். நாலு மாதத்தில் அப்படிப் போனால் அதைத் தயாரிப்புக் குறை என்றுதான் சொல்வேன்.

பீனிக்ஸ்_கடைக்காரர்:
சரி, குறைதான் என்றே வைத்துக்கொள்வோம். பணத்தை நான் இன்றைக்கே கொடுக்கிறேன். எனக்கு அதை விநியோகஸ்தரிடமிருந்து யார் வாங்கித் தருவார்கள்? பெரிய கடை தாங்கும். என்னைப் போன்றவன் நாலு டிவிக்குப் பணம் கொடுத்தால் அந்த மாதம் வாடகைக்குத் திண்டாட்டம்தான். அதனால்தான் முதலில் கம்பெனிக்கு அனுப்பச் சொல்கிறேன்.

லெனேசியா_அக்கா:
உங்கள் கஷ்டம் புரிகிறது அண்ணா. ஆனால் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் நாலு பேரும் பொருள் குறையில்லாமல் இருக்கும் என்ற உத்தரவாதத்தைத் தருவதாகத்தான் சட்டம் சொல்கிறது. விநியோகஸ்தரோடு கணக்குத் தீர்ப்பது உங்கள் வேலை, அதற்கு வாங்கியவரைக் காக்கவைக்கக் கூடாது. ரிப்பேருக்குத் தம்பி சம்மதித்தாலும், ரிப்பேர் முடிந்து மூன்று மாதத்துக்குள் அதே பழுதோ வேறு பழுதோ வந்தால் அதன்பின் மாற்றுப் பொருள் அல்லது பணம் மட்டும்தான். மறுபடி ரிப்பேர் என்ற பேச்சே இல்லை.

மவுன்ட்_எட்ஜ்கூம்_வாசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இணையத்தில் வாங்கியதற்கு வேறு கணக்கா?

லெனேசியா_அக்கா:
பழுதுக்கு இதே சட்டம்தான். அதோடு 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின்படி, பொருள் வந்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். சில வகைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் அப்போது உங்களுடையது.

டர்பன்_தூறல்:
டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே செய்தி வாசிக்கிறவரின் முகம் மங்கலாகத் தெரிகிறது! படமும் எடுத்துவிட்டேன்.

வோல்ட்மீட்டர்:
அப்புறம் என்ன, பேக்லைட்தான். யாரும் திருகாணியைக் கழற்றிப் பார்க்காமல் அப்படியே வைத்திருங்கள். வெளியாள் திறந்த தடம் இருந்தால் பழியை உங்கள் மேல் போட்டுவிடுவார்கள்.

பீனிக்ஸ்_கடைக்காரர்:
என் கடை என்றால், டார்ச் படத்தைப் பார்த்து பணம் தரமாட்டேன். என் ஆள் பார்த்துச் சொல்லட்டும். பழுதைப் பரிசோதிக்கக்கூட உரிமை இல்லையென்றால் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான்.

லெனேசியா_அக்கா:
பரிசோதிக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் "அனுப்பியிருக்கிறோம், பார்த்துச் சொல்கிறோம்" என்றே ஆறு மாதத்தைக் கடத்தும் வேலையும் நடக்கிறது. தம்பி, ரிப்பேர் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று மின்னஞ்சலில் இன்றைக்கே எழுதிவிடு. டெலிவரி ஆன தேதி, பழுதான தேதி, அந்தப் படம், பில் நகல் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். டிவியைக் கொடுக்கும்போது ரசீதில் "பணம் திரும்பக் கோரி" என்று எழுதி வாங்கு. "ரிப்பேருக்கு" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதே. பதில் வராவிட்டால் நுகர்பொருள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வாங்கியவருக்குக் கட்டணம் இல்லை.

பீனிக்ஸ்_கடைக்காரர்:
அந்த ரசீதில் நான் "பரிசோதனைக்குப் பெறப்பட்டது" என்றுதான் எழுதுவேன்.

லெனேசியா_அக்கா:
எழுதுங்கள் அண்ணா. பக்கத்திலேயே என்றைக்குள் முடிவு சொல்வீர்கள் என்று தேதியும் போட்டுவிடுங்கள்.