ரைடர் மாற்றம்: பதினேழு வருடம் சந்தா கட்டியவன் கேட்கிறேன்

ஈசூன்வாசி:

2025 நவம்பர் 26ஆம் தேதி சிங்கப்பூர் சுகாதார அமைச்சு அறிவித்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள், அதாவது தனியார் மருத்துவக் காப்புறுதித் திட்டத்துக்கு மேல் நாம் கூடுதலாக வாங்கும் காப்புகள், பில்லில் நாம் முதலில் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகையை ஏற்காது. ஏஜெண்டுகள் டிடக்டிபிள் என்று சொல்வது அதைத்தான். அது 1,500 முதல் 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, வார்டைப் பொறுத்து. அதற்கு மேல் நாம் பகிர்ந்துகொள்ளும் பங்குக்கு இருந்த 3,000 வெள்ளி ஆண்டு வரம்பும் 6,000 ஆகிறது.

நான் பதினேழு வருடமாகத் தனியார் மருத்துவமனைத் திட்டமும் ரைடரும் வைத்திருக்கிறேன். ரைடர் சந்தாவை மெடிசேவிலிருந்து, அதாவது மருத்துவச் செலவுக்கான நம் கட்டாயச் சேமிப்பிலிருந்து, எடுக்க முடியாது, முழுக்க ரொக்கம். இதுவரை ஒரு முறைகூட கிளெயிம் செய்ததில்லை. நோய் வரும் வயதுக்கு இப்போதுதான் வந்து நிற்கிறேன். இந்த நேரம் பார்த்து விதியை மாற்றினால் அதை எப்படி நியாயம் என்று ஏற்றுக்கொள்வது?

பழையவர்களுக்கு மாற்றமில்லை என்று சொல்லாதீர்கள். 2018 மார்ச்சில், ரைடர் இருந்தாலும் பில்லில் குறைந்தது 5 விழுக்காட்டை நாமே கட்டவேண்டும் என்று அறிவித்தபோதும் புதிதாக வாங்குபவர்களுக்குத்தான் என்றார்கள். மூன்று வருடம் கழித்து என் காப்புறுதி நிறுவனமே கடிதம் போட்டது, அடுத்த புதுப்பிப்பிலிருந்து நீங்களும் 5 விழுக்காடு கட்டவேண்டும் என்று. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

அண்ணே, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள்.

தனியார் மருத்துவமனையில் 20,000 வெள்ளி பில் என்று வைத்துக்கொள்வோம். பழைய ரைடரில் நீங்கள் கட்டுவது 5 விழுக்காடு, 1,000 வெள்ளி. புதிய ரைடரில் முதல் 3,500 உங்களுடையது, மீதி 16,500இல் 5 விழுக்காடு 825. ஆக 4,325. அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதற்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம், வரம்புக்கு உட்பட்டு. புதிய ரைடரின் சந்தாவோ சராசரியாக 30 விழுக்காடு குறையும் என்று அமைச்சு சொல்கிறது. ரொக்கமாகப் போய்க்கொண்டிருந்த பணம் அது. மெடிசேவோ எப்படியும் மத்திய சேம நிதியில் கிடப்பது.

ரைடர் இருப்பவர்கள், இல்லாதவர்களைவிட 1.4 மடங்கு அதிகமாகக் கிளெயிம் செய்கிறார்கள், கிளெயிம் தொகையும் 1.4 மடங்கு. இதுவும் அமைச்சு சொன்னதுதான். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தச் செலவு எல்லாருடைய சந்தாவிலும்தான் ஏறுகிறது. ஒரு முறைகூட கிளெயிம் செய்யாத உங்கள் சந்தாவில்தான் முதலில்.

ஈசூன்வாசி:

தம்பி, 1.4 மடங்கு என்றால் நோயாளி ஏமாற்றுகிறான் என்று அர்த்தமா? உடம்பு சரியில்லாமல் போகும் என்று பயப்படுபவன்தானே ரைடர் வாங்குவான்? அவனுக்குக் கிளெயிம் அதிகமாகத்தான் இருக்கும். மேலும், எத்தனை ஸ்கேன், எத்தனை நாள் படுக்கை என்று முடிவு செய்வது மருத்துவர். பில் போடுவது மருத்துவமனை. திட்டத்தை விற்றது காப்புறுதி நிறுவனம். இந்த மூன்று பேரையும் விட்டுவிட்டு, படுக்கையில் கிடப்பவனிடம் 3,500 கேட்கிறோம்.

வார்டு அக்கா:

22 வருடமாகத் தாதியாக இருக்கிறேன், தனியாரிலும் அரசாங்கத்திலும். ஈசூன்வாசி சொன்னதில் பாதி உண்மை.

தனியாரில் இருந்தபோது அட்மிஷன் கவுன்டரில் முதல் கேள்வியே, "ரைடர் இருக்கிறதா?" இருக்கிறது என்றால் அடுத்தடுத்து எல்லாம் வேறு மாதிரி நடக்கும். பகல் சிகிச்சையாக முடித்து மாலையில் வீட்டுக்குப் போகக்கூடியவர் இரவு தங்குவார். சில நேரம் மருத்துவர் சொல்லி, சில நேரம் அவரே கேட்டு. "எப்படியும் இன்சூரன்ஸ் கட்டும், ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போகிறேன் சிஸ்டர்" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. நல்ல மனிதர்கள்தான். யாரும் பில்லைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் அரசாங்க மருத்துவமனையின் சி வார்டுக்கு, அதாவது மானிய வார்டுக்கு, வந்தேன். அங்கே ஒரு பாட்டி, மானியம் போக, எல்லாருக்குமான அடிப்படைக் காப்புறுதி மெடிஷீல்டு லைஃப் போக, மெடிசேவ் போக மீதி நூற்றுச் சொச்சம் வெள்ளி. பில்லை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்தார். மறுபடி எடுத்துப் பிரித்தார். "இந்த வரி என்ன, இந்த வரி என்ன" என்று விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். 22 வருடத்தில் பில்லை அப்படிப் படித்த ஒருவரைத் தனியாரில் நான் பார்க்கவில்லை.

பில்லைப் படிக்க வைப்பது நல்லதுதான். ஆனால் பில் போடுகிறவரையும் பிடிக்கவேண்டும். அதில் நான் ஈசூன்வாசி பக்கம்.

புக்கிட் பாத்தோக் தாத்தா:

எல்லாரும் ரைடரைப் பற்றியே பேசுகிறீர்கள். பத்தில் மூன்று பேரிடம் தனியார் காப்புறுதித் திட்டமே கிடையாது. நானும் அதில் ஒருவன். என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

எனக்கு 38 வயதிலிருந்து நீரிழிவு. 1990இல் அதற்கு முந்தைய திட்டமான மெடிஷீல்டு வந்தபோது விண்ணப்பித்தேன், ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சேர்க்கவில்லை. 25 வருடம் காப்புறுதி இல்லாமல் இருந்தேன். காலில் ஒரு கொப்புளம் வந்தால்கூட வீட்டில் யாரும் தூங்க மாட்டோம். 2015 நவம்பரில் மெடிஷீல்டு லைஃப் வந்தது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாரும் உள்ளே, நோய் இருந்தாலும், எத்தனை வயதானாலும். என்னைப் போன்றவர்கள் பத்து வருடத்துக்கு 30 விழுக்காடு கூடுதலாகக் கட்டவேண்டும் என்றார்கள். கட்டினேன். அந்தப் பத்து வருடம் இப்போதுதான் முடிந்தது.

அன்றைக்கு, "நோயாளிகளுக்காக நான் ஏன் கட்டவேண்டும்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். என் சொந்தத் தம்பியே கேட்டான். 2019இல் அவனுக்குச் சிறுநீரகம் போனது. டயாலிசிஸுக்கு மெடிஷீல்டு லைஃப்தான் இன்றும் கை கொடுக்கிறது.

2025 ஏப்ரலிலிருந்து மெடிஷீல்டு லைஃப் சந்தா ஏறுகிறது, மூன்று வருடத்தில் சராசரியாக 35 விழுக்காடு என்று கணக்கு. அரசாங்கம் 410 கோடி வெள்ளி ஆதரவு என்கிறது. ஆண்டுக்குக் கிளெயிம் செய்யக்கூடிய தொகையும் 150,000இலிருந்து 200,000 ஆகிவிட்டது. எனக்கு மூத்த குடிமக்களுக்கான முன்னோடித் தலைமுறைக் கழிவு இருப்பதால் தாங்குகிறது. ரைடரை மாற்றுங்கள், மாற்றாமல் போங்கள். இந்த அடித்தளத்தில் கை வைக்காதவரைக்கும் எனக்குச் சரி.

ஈசூன்வாசி:

ஐயா, அடிப்படைத் திட்டத்தை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது எல்லாரும் சேர்ந்து தூக்குவது. என் சண்டை வேறு. ரைடரைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நடுவில் விதி மாறினால் வேறு நிறுவனத்துக்குப் போகலாம் என்கிறார்கள். எப்படிப் போவது? இப்போது எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. புதிய நிறுவனம் அதை விலக்கிவிட்டுத்தான் சேர்க்கும், அல்லது சேர்க்கவே சேர்க்காது. சந்தை என்கிறோம். ஆனால் நோய் வந்தவனுக்கு அந்தச் சந்தையில் கடை மாற வழியில்லை.

கணக்குப்பிள்ளை:

இது நியாயமான வாதம், அண்ணே. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று: எதையும் மாற்றாமல் விட்டால் பழைய ரைடரின் சந்தா அப்படியே நிற்குமா? இளையவர்கள் புதிய, மலிவான ரைடருக்குப் போய்விடுவார்கள். பழையதில் வயதானவர்களும் நோயாளிகளும் மட்டும் மிஞ்சுவார்கள். அப்போது சந்தா எங்கே போய் நிற்கும்? எழுபது வயதில் உங்களால் அதை ரொக்கமாகக் கட்ட முடியுமா? கைக்காசு கொஞ்சம் போனால்தான் மனிதன் யோசிப்பான், செலவு குறையும். எந்தக் காப்புறுதிக்கும் இது பொருந்தும்.

துவாஸ் தம்பி:

அண்ணன்மாரே, நான் வொர்க் பெர்மிட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியன். உங்கள் மெடிஷீல்டு எனக்குக் கிடையாது, மானியமும் கிடையாது. முதலாளி எடுக்கும் காப்புறுதிதான். ஆனால் கடைசி வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முன்பு எங்கள் காப்புறுதி குறைந்தது 15,000 வெள்ளி. 2022இல் என் அறையில் இருந்த ஒருவருக்குக் குடல்வால் வெடித்தது. இரண்டு அறுவை சிகிச்சை, பில் 15,000ஐத் தாண்டிவிட்டது. மீதியைக் கட்டவேண்டியது முதலாளி. கட்டினார், ஆனால் இழுத்து இழுத்து. 2023 ஜூலையிலிருந்து அதை 60,000 ஆக்கினார்கள், அது பெரிய நன்மை. 15,000க்கு மேலே போனால் முதலாளி 25 விழுக்காடு பங்கு கட்டவேண்டும்.

அந்தக் கைக்காசு என்ன செய்கிறது என்று நான் பார்க்கிறேன். போன மாதம் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சூப்பர்வைசர், "இரண்டு பனடோல் போடு, நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். மருத்துவமனைக்குப் போனால் எவ்வளவு ஆகுமோ என்ற பயம் அவருக்கு. நாங்கள் நாலு பேர் சேர்ந்து டாக்சியில் கூட்டிப்போனோம். பிழைத்துக்கொண்டான்.

கைக்காசு போனால் மனிதன் யோசிப்பான் என்பது சரி. யோசித்து முடிப்பதற்குள் சில நோய் முற்றிவிடும்.

கணக்குப்பிள்ளை:

தம்பி, அந்தச் சூப்பர்வைசர் செய்தது தவறு, அதில் இரண்டு பேச்சு இல்லை. நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். அறை வசதிக்கும் அவசரமில்லாத சிகிச்சைக்கும்தான் என் வாதம் பொருந்தும். நெஞ்சுவலிக்குப் பொருந்தாது.

ஆனால் இங்கே பேசும் 3,500, தனியார் வார்டில் படுக்க விரும்பும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். அவர்களுக்கு மானிய வார்டு எப்போதும் திறந்திருக்கிறது. அங்கேயும் மீதியைக் கட்ட முடியாத குடிமக்களுக்கு 1993இலிருந்து அரசாங்க உதவி நிதியான மெடிஃபண்டு இருக்கிறது.

வார்டு அக்கா:

துவாஸ் தம்பி, இனி நெஞ்சுவலி என்றால் யாரையும் கேட்காதீர்கள். 995ஐ அழையுங்கள், டாக்சி வேண்டாம். டாக்சியில் வரும் வழியில் இதயம் நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை, மானிய வார்டு திறந்திருக்கிறது, உண்மை. வரிசையும் இருக்கிறது. இந்த மாற்றத்தால் தனியாரை விட்டு எல்லாரும் எங்கள் பக்கம் வந்தால், படுக்கைக்கு எங்கே போவது? இப்போதே சில நாள் அவசரப் பிரிவில் தள்ளுபடுக்கையிலேயே மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ரைடரைக் குறைக்கும்போதே படுக்கையையும் ஆளையும் கூட்டவேண்டும். இதை யாரும் சத்தமாகக் கேட்கவில்லை என்பதுதான் என் குறை.

ஈசூன்வாசி:

இரண்டு நாளாக எழுதவில்லை. அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். 74 வயது, 1950களில் பிறந்த மெர்டேக்கா தலைமுறை. அவர் ரைடருக்கும் நான்தான் கட்டுகிறேன், என்னுடையதைவிடப் பல மடங்கு. வருடத்துக்கு வருடம் ஏறுகிறது. நான் எதையோ கணக்குப் போடுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மைலோ டின்னை எடுத்துவந்தார். அதற்குள் கடந்த எட்டு வருடத்து ரசீதுகள், ரப்பர் வளையம் போட்டு. "இத்தனை கட்டியிருக்கிறாய், நான் ஒரு நாளும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையே, எதுக்குடா இது?" என்றார்.

அம்மாவின் ரைடரை நிறுத்தப் போகிறேன். திட்டத்தைத் தனியாரிலிருந்து அரசாங்க மருத்துவமனையின் பி1 வார்டுக்கு இறக்குகிறேன். ஒருமுறை இறங்கினால் மறுபடி மேலே ஏற உடல்நலக் கேள்வி கேட்பார்கள் என்று தெரியும். தெரிந்துதான் செய்கிறேன். என்னுடையதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் கணக்குப்பிள்ளை, என் வாதத்தை நான் விடவில்லை. பழைய ரைடர்காரர்களின் நிபந்தனையை மாற்ற நினைக்கும் நிறுவனம், உடல்நலம் கேட்காமல் வேறு நிறுவனத்துக்கு மாற ஒரு வாய்ப்பு கொடுக்கவேண்டும். எழுதிக் கேட்கப்போகிறேன், எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில். 2018க்குப் பிறகு வந்த கடிதத்தையும் எடுத்துப்போவேன்.

கணக்குப்பிள்ளை:

அந்தக் கோரிக்கையில் என் பெயரையும் போடுங்கள். மாற்றம் வேண்டும் என்பவன்தான் நான். மாற முடியாதவர்களைப் பிடித்துவைக்கக்கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

ஈசூன்வாசி:

போடுகிறேன். அக்கா, ஒரு உதவி. அம்மாவுக்குக் கண்புரை. மானிய விகிதத்தில் பார்க்கப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்கிறார்கள், சரிதானே? செவ்வாய்க்கிழமை காலை ஈசூனில் நேரம் எடுத்திருக்கிறேன்.

வார்டு அக்கா:

சரிதான். நேராகத் தனியார் நிபுணரிடம் போய்விட்டு வந்தால் மானியம் கிடைக்காது. அம்மா சாப்பிடும் மாத்திரைகளைப் பெட்டியோடு எடுத்துப்போங்கள், ரத்தம் நீர்க்க மாத்திரை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். அறுவை சிகிச்சைத் தேதி கொடுக்கும்போது செலவு மதிப்பீட்டுத் தாள் கேளுங்கள், கேட்டால் தருவார்கள். புரியாத வரி இருந்தால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.