சிஜே 500டி ஜீப்: முன்னாடி டிஸ்க் பிரேக் போட்டும் காலையில முதல் மிதி தரைக்குப் போகுது

ஜீப்புக்காரன்:
மஹிந்திரா சிஜே 500டி, டீசல். நாலு வீலும் டிரம் பிரேக். 31 இன்ச் டயர் போட்ட பிறகு பிரேக் போதாம முன்னாடி டிஸ்க் மாத்தியாச்சு. காலிப்பர் (டிஸ்க்கைப் பேடால பிடிக்கிற பாகம்) ஒத்தை பிஸ்டன், 54 மி.மீ. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதிச்சா பிரேக் ஆயிலை வீலுக்குத் தள்ளுறது) பழசேதான்: 1 இன்ச் போர் (உள் விட்டம்), நாலு வீலுக்கும் ஒரே லைன், டிரைவர் காலுக்குக் கீழ சேஸிஸ்ல இருக்கு. பூஸ்டர் (மிதிக்கிற பலத்தைக் கூட்டுற கருவி) கிடையாது.

முதல்ல டிஸ்க் பிடிச்சுக்கிட்டே ஓடி முன் வீல் சூடாச்சு. மெக்கானிக் மாஸ்டருக்குள்ள இருந்த செக் வால்வைக் கழட்டினார், சூடு நின்னுது. இப்போ ராத்திரி நிறுத்தி காலையில மிதிச்சா பெடல் தரை வரைக்கும் போகுது, ரெண்டாவது மிதியில நிக்குது. லீக் இல்ல. மிதிக்கவும் ரொம்பக் கனமா இருக்கு. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். எங்க தப்பு?

கிரீஸ்கை:
கழட்டினது சரி, பதிலுக்கு எதுவும் போடாததுதான் தப்பு. அது டிரம்முக்கான 10 பிஎஸ்ஐ வால்வு, அதாவது பெடலை விட்ட பிறகும் லைன்ல அவ்வளவு அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிறது (பிஎஸ்ஐ அழுத்தத்தோட அளவு). டிரம் ஷூவை ஸ்பிரிங் இழுத்துடும், அதனால அந்த அழுத்தம் லைன்ல நிக்கலாம். டிஸ்க்ல இழுக்க ஸ்பிரிங் இல்ல, அதே அழுத்தம் பேடை உரச வைக்கும். முழுசா எடுத்துட்டா, காலிப்பரை விட மாஸ்டர் தாழ்வா இருக்கிறதால ஆயில் ராத்திரி பூரா கீழ வடிஞ்சுடுது. காலையில முதல் மிதி அந்தக் குழியை நிரப்பத்தான் போகுது.

லைன் முன்னுக்கும் பின்னுக்கும் பிரியற டீ ஜாயின்ட்டுக்கு அப்புறம் முன் லைன்ல 2 பிஎஸ்ஐ, பின் லைன்ல 10 பிஎஸ்ஐ வால்வு போடுங்க. அம்புக்குறி வீல் பக்கம் பார்க்கணும். பின்னாடி அந்த 10 இல்லேன்னா வீல் சிலிண்டர் கப் ஓரம் தளர்ந்து காத்து இழுக்கும்.

ஆயில் டப்பாவை ஃபயர்வால்ல உயரத்துல வச்சு ஹோஸ் இறக்கினா முன்பக்க 2 பிஎஸ்ஐ வால்வே வேண்டாம். ஆத்துல இறங்கும்போது ஆயில்ல தண்ணி கலக்கிறதும் குறையும்.

ஜீப்புக்காரன்:
நன்றி அண்ணா. கனத்துக்கு முக்கால் இன்ச் மாஸ்டர் போட்டா போதுமா?

மலைடீசல்:
வேண்டாம் தம்பி. கணக்கு பாருங்க. ரெண்டு பிஸ்டனும் அரை மி.மீ. நகர 2.3 சி.சி. ஆயில் வேணும். 1 இன்ச் மாஸ்டர் அதை 4.5 மி.மீ. ஓட்டத்துல தரும், முக்கால் இன்ச்சுக்கு 8 மி.மீ. வேணும். பெடல் விகிதம் 6:1னு (கால் 6 மி.மீ. போனா மாஸ்டர் 1 மி.மீ.) வச்சா காலுக்கு 27 மி.மீ., 48 மி.மீ. பின் ஷூவும் ஹோஸ் விரிவும் இதுக்கு மேல. கனம் பாதிக்குக் கொஞ்சம் மேல ஆகும், ஆனா பேட் தேய்ஞ்ச அன்னைக்குப் பெடல் மிச்சம் இருக்காது.

டிரம் சுத்துறப்போ ஷூவைத் தானே உள்ள இழுத்துக்கும், டிஸ்க்குக்கு அந்த உதவி இல்ல. அதனால 1 இன்ச் டேண்டம் மாஸ்டர், வேக்கம் பூஸ்டர், ரெண்டையும் சேர்த்தே போடுங்க. டேண்டம்னா முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன், ஒண்ணு போனாலும் இன்னொன்னு பிரேக் பிடிக்கும். ஒத்தை லைனோட மலை இறங்காதீங்க. டீசல்ல இன்டேக் வேக்கம் பூஸ்டருக்குப் போதாது, பின்னாடி வேக்கம் பம்ப் இருக்கிற ஆல்டர்னேட்டரா வாங்கி, பூஸ்டர் ஹோஸ்ல நான்-ரிட்டர்ன் வால்வு வைங்க. சோதனை: இன்ஜின் நிறுத்தி அஞ்சாறு தடவை மிதிச்சு, அழுத்தியே வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா உள்ள இறங்கணும். இறங்கலேன்னா பம்ப், ஹோஸ், பூஸ்டர் மூணுல ஒண்ணு வேலை செய்யல.

ரோட்டர்ரவி:
கிரீஸ்கை சொன்னதோட இதையும் பாருங்க. வண்டி நின்ன பிறகு பெடல் தாழ்ந்தா ஆயில் வடியுது. கரடுமுரடுல ஓடின உடனே தாழ்ந்தா வீல் பேரிங் ஆட்டம்: டிஸ்க் ஆடி பிஸ்டனை உள்ள தள்ளிடும். ஜாக் போட்டு டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, டயல் கேஜ் (நுண் அளவு காட்டுற கருவி) வச்சு டிஸ்க் சுத்துறப்போ பக்கவாட்டுல எவ்வளவு ஆடுதுன்னும் பாருங்க. 0.1 மி.மீ. தாண்டக் கூடாது.

பிளீடர் நிப்பிள் (லைன்ல இருக்கிற காத்தை வெளிய விடுற திருகு) காலிப்பர் உச்சியில இருக்கா? இடம் வலம் மாத்திப் போட்டா நிப்பிள் அடியில வந்துடும், எத்தனை லிட்டர் ஆயில் ஊத்தினாலும் காத்து போகாது. பிளீட் பண்றப்போ (காத்து எடுக்கிறப்போ) மாஸ்டருக்குத் தூர வீல்ல தொடங்குங்க. பிரேக் ஆயில் டாட் 4 ரகம் போதும், டாட் 5 சிலிக்கான் கலக்கவே கூடாது.

முன் ஹோஸை ஆக்ஸில் முழுசாத் தொங்க விட்டு, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்க. இழுபட்டாலோ டயர்ல உரசினாலோ நீளமும் கிளிப் இடமும் மாத்தணும். பிரேக் அடிக்கிறப்போ பின் வீல் முதல்ல லாக் ஆனா (சுத்தாம வழுக்கினா) பின் லைன்ல ப்ரபோர்ஷனிங் வால்வு (பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கிறது) வச்சு, காலி வண்டியில ஈரமான சமதளத்துல முன் வீல் முதல்ல லாக் ஆகிற வரை திருகுங்க.