'மஸ்ட் நாட்', 'டோன்ட் ஹேவ் டு': எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும், வேலைக்குப் போகும் பெண்கள் ஆறு பேருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். 'மஸ்ட்', 'ஹேவ் டு' இரண்டும் 'வேண்டும்' என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். எதிர்மறையில்தான் சிக்கல். 'யூ மஸ்ட் நாட் கம்' என்றால் வரக் கூடாது. 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' என்றால் வரத் தேவையில்லை, விருப்பமிருந்தால் வரலாம். நம் 'வர வேண்டாம்' இரண்டுக்குமே பொருந்திவிடுகிறதே!

கடையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், வாடிக்கையாளரிடம் 'இப்போதே பணம் கட்டத் தேவையில்லை' என்று சொல்ல நினைத்து 'யூ மஸ்ட் நாட் பே நவ்' என்றிருக்கிறார். வாடிக்கையாளரின் முகமே மாறிவிட்டதாம். அக்காவுக்கு ரொம்ப வருத்தம்.

'மே', 'கேன்' எல்லாம் நானே சமாளித்துக்கொள்வேன். இந்த வேறுபாடு மட்டும் மனதில் பதிய, மின்சார ரயில், பஸ், கடை என்று அன்றாடச் சூழலில் பயிற்சி ஏதாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் பெரிய உதவி.