விடுபட்ட பழைய காமிக்ஸ் இதழ்களைத் தேடுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஒரு காமிக்ஸ் தொடரைப் பெரும்பாலும் சேர்த்துவிட்டேன்; ஆனால் அது நிறுத்தப்படுவதற்கு முன் வந்த கடைசிச் சில இதழ்கள் மட்டும் எங்கு தேடியும் அகப்படவில்லை. இவை ஏன் இவ்வளவு அரிதாக இருக்கின்றன, எவ்வழியில் தேடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
விற்பனை சரிந்த பிறகே பெரும்பாலான தொடர்கள் நிறுத்தப்படுகின்றன என்பதால், கடைசி இதழ்கள் குறைவாகவே அச்சிடப்பட்டிருக்கும். முதல் இதழைப் போல அவற்றைப் பலர் பத்திரப்படுத்துவதுமில்லை. தனி இதழாகத் தேடுவதைவிட, ஒருவர் தம் சேகரிப்பை மொத்தமாக விற்கும்போது வாங்கி, மிகுதியை மற்றவர்களுடன் மாற்றிக்கொள்வதே பலன் தரும். அதற்கு முன், 1994 முதல் தன்னார்வலர்கள் தொகுத்துவரும் கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற காமிக்ஸ் விவர இணையதளத்தில் இதழ் எண்களைச் சரிபாருங்கள். எண் வரிசை இடையில் மாறியிருந்தால், வெளிவராத இதழையே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மறுமொழி 2:
வாங்குமுன் நடுப்பக்கத்தின் படத்தைக் கட்டாயம் கேளுங்கள். பின்கள் துருப்பிடித்திருந்தால் நடுத்தாள் கழன்று தொலைந்திருக்கக்கூடும். விளம்பரக் கூப்பன் கத்தரிக்கப்பட்டிருந்தால், மறுபுறத்திலிருந்த கதைக் கட்டமும் சேர்ந்தே போயிருக்கும். ஆவலோடு படித்துவரும்போது கதை அங்கே அறுந்து நிற்பது பெரும் ஏமாற்றம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மறுபதிப்பை எவ்வாறு அடையாளம் காண்பது?

மறுமொழி 1:
அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். உட்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் பதிப்பு விவரத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.