மாமாவின் அறிவித்தல் (நீர்வேலிக் குடும்பம், வாட்ஸ்அப்)

குட்டி, 18:42
மாமாவின் மரண அறிவித்தல் எழுதிவிட்டேன். இரவு 10 மணிக்கு முன் அனுப்பினால்தான் நாளை வரும். பெயர், இனிஷியல் சரி. மிச்சத்தைப் பாருங்கோ: "நீர்வேலியைப் பிறப்பிடமாகவும் லண்டன் வால்தம்ஸ்டோவை வதிவிடமாகவும் கொண்ட, மொஸ்போர்ன் அகாடமி முன்னாள் கணித ஆசிரியர் இறைபதம் அடைந்தார்."

ராஜி அக்கா, 18:44
நல்லா இருக்கு

டொரொன்டோ சித்தி, 18:45
சூம் எத்தனை மணிக்கு? எங்கள் நேரம் போடுங்கோ.

இல்ஃபோர்ட் அத்தான், 18:47
மொஸ்போர்னா? யார் சொன்னது?

குட்டி, 18:47
மாமா முந்தி ஒருநாள் காட்டின இடத்தை மேப்பில் பார்த்தேன். அதுதான் இருக்கு.

இல்ஃபோர்ட் அத்தான், 18:55
இடம் அதுதான் தம்பி. பள்ளிக்கூடம் அது இல்லை. மாமா படிப்பித்தது அங்கே முந்தி இருந்த ஹாக்னி டவுன்ஸ் பள்ளியில். 1995 டிசம்பரோடு அதை மூடிவிட்டார்கள். மொஸ்போர்ன் திறந்தது 2004இல். அங்கே மாமா ஒரு வெண்கட்டி கூடத் தொட்டதில்லை.

குட்டி, 18:56
ஓ

ராஜி அக்கா, 18:56
தொடங்கிட்டார். இனிச் சாப்பாட்டுக்கும் எழும்ப மாட்டார்.

இல்ஃபோர்ட் அத்தான், 19:09
ஆறுதலாக வாசியுங்கோ. 1876இல் லண்டன் மளிகை வணிகர் சங்கம், அதாவது கிரோசர்ஸ் கம்பெனி, தொடங்கிய பள்ளி. 1906இல் லண்டன் கவுண்டி கவுன்சில் பொறுப்பெடுத்தது. பிறகு கிராமர் ஸ்கூல், 11 வயதில் சோதனை பாஸ் பண்ணின பொடியன்களுக்கு மட்டும் இடம். கிழக்கு லண்டன் யூதப் பிள்ளைகள் நிறையப் பேர் படித்தார்கள். நாடக எழுத்தாளர் ஹரோல்ட் பின்டர் 1940களில் அங்கேதான், பள்ளி நாடகத்தில் மக்பெத்தாக நடித்தவர். 2005இல் இலக்கிய நோபல் வாங்கினார். 1963இல் பெரிய தீ விபத்து. 1969இல் கொம்ப்ரஹென்சிவ் ஆக்கினார்கள். சோதனை கிடையாது, அக்கம்பக்கத்துப் பொடியன் எவனும் வரலாம். மாமா 1974இல் வந்து சேர்ந்தது அந்தப் பள்ளிக்கு. நான் போனது 1984இல்.

குட்டி, 19:10
நடிகர் மைக்கேல் கெயினும் அங்கே படித்தவர் என்று போட்டிருக்கு

இல்ஃபோர்ட் அத்தான், 19:10
அவர் கொஞ்சக் காலம்தான். விடு.

ஜெர்மன் சின்னண்ணை, 19:12
அத்தான் அங்கே கணக்கும் படித்து வாத்தியாரின் மருமகளையும் கொண்டுபோனவர்

ராஜி அக்கா, 19:12
கணக்கு சரியாப் படிக்கவில்லை

அம்மா, 19:14
(குரல் பதிவு 2:41)

ராஜி அக்கா, 19:15
அம்மா எழுதுங்கோ. ஒருத்தரும் கேட்க மாட்டினம்.

இல்ஃபோர்ட் அத்தான், 19:18
இன்னொன்று. கிரோசர்ஸ் கம்பெனியின் சின்னத்தில் ஒன்பது கராம்பு இருக்கு. அதனால் பழைய மாணவர் சங்கத்துக்கே குளோவ் கிளப் என்று பெயர். கராம்புக் கழகம்.

ஜெர்மன் சின்னண்ணை, 19:19
ஏலக்காய்க் கழகம் இல்லையோ

டொரொன்டோ சித்தி, 19:20
சாப்பாடு யார் செய்கிறார்கள்? போன முறை ஆள் கத்தரிக்காயில் கராம்பை அள்ளிக் கொட்டியிருந்தார்.

ராஜி அக்கா, 19:22
எட்டாம் நாளுக்கு மரக்கறி. 120 பேர் சொல்லியிருக்கு.

ஜெர்மன் சின்னண்ணை, 19:22
150 சொல்லுங்கோ

ராஜி அக்கா, 19:23
யார் காசு?

குட்டி, 19:31
சரி, ஏன் மூடினார்கள்? ஒரு வரியில்

இல்ஃபோர்ட் அத்தான், 19:48
ஒரு வரியில் வராது. 1990இல் உள்-லண்டன் கல்வி அதிகாரசபையை அரசாங்கம் கலைத்தது. பள்ளி ஹாக்னி கவுன்சிலின் கைக்கு வந்தது. 1994இல் ஒஃப்ஸ்டெட், அதாவது பள்ளிகளைப் பரிசோதிக்கிற அரசாங்க அமைப்பு, ஃபெயில் போட்டது. கவுன்சில் மூடப்போகிறேன் என்றது, அடுத்த வருடம் இல்லை வைத்திருப்போம் என்றது. கல்வி அமைச்சர் ஜில்லியன் ஷெப்பர்ட் 1995 ஜூலையில் ஒரு குழுவை அனுப்பினார். பள்ளிக்கூடத்துக்கு அப்படி அனுப்பின முதல் குழு அதுதான். அவர்கள் மூடச் சொன்னார்கள். பெற்றோர் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். பொடியன்களை ஹோமர்டன் ஹவுஸ் பள்ளிக்கு மாற்றினார்கள். பேப்பர்காரர் பிரித்தானியாவிலேயே படுமோசமான பள்ளி என்று எழுதினார்கள். மாமா அந்தப் பேப்பரை வாங்கி, அதற்குமேல் வைத்து மீன் வெட்டினார்.

ஜெர்மன் சின்னண்ணை, 19:50
அது மாமா

டொரொன்டோ சித்தி, 19:58
1995 டிசம்பர் 10 என்னுடைய கல்யாணம். அண்ணை வரவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்றவர்.

ராஜி அக்கா, 20:03
சித்தி, இப்ப வேண்டாமே

டொரொன்டோ சித்தி, 20:04
நான் ஒன்றும் சொல்லவில்லை. தேதியைச் சொன்னேன்.

மஞ்சு, 20:26
மாமி, அப்பா டிக்கெட் எடுத்தவர். பிறகு திருப்பிக் கொடுத்திட்டார். அடுத்த ஜூனில் ஜி.சி.எஸ்.இ., அந்த 16 வயதுச் சோதனை, எழுத வேண்டிய பொடியன்களை வருடத்தின் நடுவில் வேறு பள்ளிக்கு மாற்றினால் என்ன நடக்கும்? ஏழு பேர் சனி ஞாயிறு எங்கள் முன்னறையில் இருந்து படித்தார்கள். ஒருவன் குளியலறைத் தராசுக்கு மேல் இருப்பான், கதிரை போதாது. ஜூன்வரை வந்தார்கள்.

டொரொன்டோ சித்தி, 20:31
ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம்

மஞ்சு, 20:32
ஓம். சொல்லியிருக்கலாம்.

டொரொன்டோ சித்தி, 20:40
ஏழு பேருக்கும் யார் சமைத்தது?

மஞ்சு, 20:41
அம்மாதான். இடியப்பம், சொதி. ஒரு துருக்கிப் பொடியன் சொதியைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பான். நேற்று வந்து வாசலில் நின்றான். தலை நரைச்சிட்டு.

அம்மா, 20:44
(குரல் பதிவு 1:58)

மஞ்சு, 20:47
சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிற பெரிய மரக் கவராயம் அங்கிருந்து வந்ததுதான். வெண்கட்டி செருகுகிற காலில் ரப்பர் பாண்ட் சுற்றியிருக்கும். அதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாமா?

குட்டி, 20:48
அதாலதான் நான் சின்னனில் வாள் சண்டை பிடித்தனான்

ராஜி அக்கா, 20:49
ஒட்டடை அடித்த சாமான், கழுவுங்கோ

ஜெர்மன் சின்னண்ணை, 20:50
ஐயரிடம் கேட்டுச் செய்யுங்கோ. கூர் சாமான்.

இல்ஃபோர்ட் அத்தான், 20:58
மொஸ்போர்னைக் குறை சொல்லவில்லை. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ரொஜர்ஸின் ஆட்கள் வரைந்த கட்டடம், இரண்டு ரயில் பாதைக்கு நடுவில் 'வி' மாதிரி. நல்ல ரிசல்ட் எடுத்தது. அங்கே முதல் அதிபராக இருந்த மைக்கேல் வில்ஷோ 2012இல் ஒஃப்ஸ்டெட்டுக்கே தலைவராகப் போனார். திறந்த வருடம் மாமாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "மரச்சட்டம் நல்லாப் போட்டிருக்கிறான்" என்றார். பிறகு வீட்டுக்குப் போகச் சொன்னார். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பெயரைப் போட்டால் எனக்குச் சரிவராது.

குட்டி, 21:02
"லண்டன் ஹாக்னி டவுன்ஸ் பாடசாலை (1974-1995) முன்னாள் கணித ஆசிரியர்". ஓகேயா?

ஜெர்மன் சின்னண்ணை, 21:05
அதற்குப் பிறகு எட்டு வருடம் வேறு இடத்தில் படிப்பித்தாரே. அதையும் போடு.

மஞ்சு, 21:06
அப்பா அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை

ராஜி அக்கா, 21:07
இல்லாத பள்ளியைப் போட்டால் ஆட்களுக்கு விளங்குமா?

இல்ஃபோர்ட் அத்தான், 21:07
விளங்க வேண்டியவர்களுக்கு விளங்கும்

டொரொன்டோ சித்தி, 21:15
சகோதரர் வரிசையில் என் பெயர் ஏன் கடைசியில்?

குட்டி, 21:15
சித்தி நீங்கள்தான் கடைசி

டொரொன்டோ சித்தி, 21:16
சரி. "அன்புத் தங்கை" என்று போடு.

குட்டி, 21:44
அனுப்பப்போகிறேன். கார் பார்க்கிங் விவரம் பேந்து போடுறன்.

அம்மா, 21:46
(குரல் பதிவு 3:05)

குட்டி, 21:47
யாராவது அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கோ, அவசரம்

ராஜி அக்கா, 21:52
கேட்டேன். மாமா சேர்ந்தது 1973ஆம், 74 இல்லையாம்.

இல்ஃபோர்ட் அத்தான், 21:52
74

அம்மா, 21:53
(குரல் பதிவு 0:04)